காலையில் மட்டும் கேட்ட இரைச்சல்

பஸ் நிலையத்தில் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, "ராசிபுரம் பஸ் போயிருச்சுங்களா?" என்று கேட்டால் நாமெல்லாம் போய்விட்டது என்போம், இல்லையென்றால் இனிமேல்தான் வரும் என்போம். என்னோடு வேலை பார்த்த அக்கா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "நான் வந்து இருபது நிமிசமாச்சுங்க. நான் வந்தப்புறம் போகலீங்க. அதுக்கு முன்னால தெரியாது" என்பார். கேட்டவர் எரிச்சலோடு அடுத்த ஆளிடம் போவார். அடுத்த ஆள் "இப்பத்தான் போச்சு" என்று தைரியமாகச் சொல்வார். அதைக் கேட்டு ஆட்டோ பிடித்துப் போன ஒருவரை, பின்னாலேயே வந்த ராசிபுரம் பஸ் முந்திக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மல்லசமுத்திரத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. இரண்டு அறை, ஒரு பேட்டரி அறை, வாசலில் ஒரு புங்கமரம். நான் அங்கே ஜூனியர் இன்ஜினியராக ஏழு வருடம் இருந்தேன். அக்கா எனக்கு முன்பிருந்தே அங்கே மெக்கானிக். கணவர் இதே வேலையில் இருந்து இறந்துபோனதால் அவருக்குக் கிடைத்த வேலை அது. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். மேலதிகாரி என்றாலும் நாலைந்து வயது இளையவன் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைச் சார் என்பார்.

புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. காலில் ஆண்கள் போடுகிற ரப்பர் ஷூ. மொபெட்டின் முன்னால் ஒரு ஒயர்க் கூடை. கூடையில் டெஸ்ட் போன், டெஸ்டர், குறடு, ரப்பர் கையுறை, முனை மடங்கிய ஒரு நாற்பது பக்க நோட்டு. டெஸ்ட் போன் என்பது இரண்டு கம்பியைக் கவ்விக்கொண்டால் எந்த போஸ்ட்டில் நின்றும் லைனைக் கேட்கிற கருவி. அதைக் காதில் வைத்துக்கொண்டு அவர் நிற்கும்போது பக்கத்தில் லாரி கவிழ்ந்தாலும் திரும்ப மாட்டார் என்று எங்கள் ஆட்கள் கேலி செய்வார்கள்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலம். கம்பி போன் வைத்திருந்தவர்கள் கோழிப்பண்ணைக்காரர்கள், போர் போடும் ரிக் லாரி ஆபீஸ்காரர்கள், பள்ளிக்கூடங்கள், நெட்டுக்காக வைத்திருந்த சில வீடுகள். புகார் இரண்டு வகைதான். ஒன்று, லைன் செத்துவிட்டது. மற்றது, இரைச்சல். செத்த லைன் சுலபம். எங்கோ அறுந்திருக்கும், தேடிப்போய் முடிச்சுப் போடலாம். இரைச்சல்தான் தலைவலி. வரும், போகும். பக்கத்தில் கரண்ட் கம்பி போனாலும் வரும், கம்பி சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலும் வரும், வீட்டுக்குள் ஒரு சார்ஜரால்கூட வரும். அதனால் புகார் ரிஜிஸ்டரில் காரணம் என்கிற கட்டத்தில் "கரண்ட் லைன்" என்று எழுதி மூடிவிடுவது எங்கள் வழக்கம். கரண்ட் லைன் இல்லாத ஊர் ஏது? யாரும் மறுத்துப் பேச முடியாது.

அக்கா மட்டும் "காரணம் தெரியவில்லை. நாளை மறுபடி" என்று எழுதுவார். மாதக் கடைசியில் அந்த ரிஜிஸ்டரைப் பார்த்து மேலே அறிக்கை அனுப்ப வேண்டியவன் நான்.

"ஏதாச்சும் ஒண்ணு எழுதுங்கக்கா. காலியா அனுப்ப முடியாது" என்றேன் ஒருமுறை.

"காலியா இல்லீங்களே சார். தெரியலைன்னு எழுதியிருக்கேனே."

ராசிபுரத்தில் ஆள் குறைந்தபோது ஒரு நெய் வியாபாரி வீட்டுக்கு அவரை அனுப்பினோம். வேண்டிய இடம் என்பதால் நானும் போனேன். மூன்று பேர் போய்ப் பார்த்தும் அந்த வீட்டு போனில் இரைச்சல் போகவில்லை. அக்கா முதலில் வாசல் பெட்டியில் வீட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் லைனில் டெஸ்ட் போனைப் போட்டுக் கேட்டார். சுத்தமாக இருந்தது. "வெளிய இல்லீங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே வந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வீட்டு மருமகளிடம் ஒவ்வொரு சுவிட்சாக நிறுத்தச் சொன்னார்.

பிரிட்ஜ், டிவி, மாடித் தண்ணீர் மோட்டார், பூஜை அறைச் சின்ன பல்பு. வியாபாரி பொறுமையிழந்து, "அந்த செல்போன் சார்ஜர்தானுங்க. எனக்கு முதல்லயே தெரியும்" என்றார். அக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். ஆமோதிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத தலையசைப்பு. மருமகள் கடைசியாக மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டரை நிறுத்தினாள். அக்கா கையைத் தூக்கினார்.

"மறுபடி போடுங்க சாமி."

போட்டாள்.

"நிறுத்துங்க."

ஆறு தடவை போட்டு நிறுத்தச் சொன்னார். வியாபாரி வெளியே போய்விட்டார். பிறகு சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, இன்வெர்ட்டர் ஒயரும் போன் ஒயரும் ஒரே குழாய்க்குள் போவதைக் கண்டுபிடித்தார். போன் ஒயரை வெளியே உருவி வேறு பக்கம் ஓட்டினார். மத்தியானம் ஆகிவிட்டது. அந்த மருமகள் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இந்த ஊட்டுல நான் சொல்றதை ஒருத்தரும் காது குடுத்துக் கேட்டதில்லீங்க. இன்னைக்கு நான் சுவிட்சுப் போடறதையே கேட்டீங்க" என்று சிரித்தாள்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். அக்கா நம் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் வேறு மாதிரி இருக்கும். அக்காவின் தெருவில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வழக்கம்போல் அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். பெண் குணம் எப்படி என்று அக்காவிடம் கேட்டபோது, "குணம் எனக்குத் தெரியாதுங்க. காலைல ஆறு மணிக்கு வாசல் தெளிக்குது. அதைப் பாத்திருக்கேன்" என்றாராம். ஏதோ இருக்கிறது, மூடிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் அந்தச் சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். பெண் வீட்டார் அதற்குப்பின் அக்காவோடு பேசுவதில்லை. என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "தங்கமான பொண்ணுன்னு சொன்னா வாய் வெந்தா போயிரும்?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கணவரைப் பற்றி அவர் ஒரே ஒருமுறைதான் பேசினார். மழைக்கு ஒரு பஸ் நிழற்குடையில் ஒதுங்கி நின்றோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "கீழ உழுந்துட்டாரு, சின்ன அடிதான், ஆஸ்பத்திரியில உக்காந்திருக்காருன்னு சொன்னாங்க. ரசஞ்சோறு பிசைஞ்சு டிபன் கேரியர்ல எடுத்துட்டுப் போனேனுங்க." அதோடு நிறுத்திக்கொண்டார். மழை விட்டதும் மொபெட் சீட்டைத் துணியால் துடைத்தார். கிளம்பினோம்.

எங்கள் எல்லைக்குள் ஒரு முட்டைக் கோழிப்பண்ணை இருந்தது. அதன் மேனேஜர் ஒரே மாதத்தில் மூன்று தடவை இரைச்சல் புகார் கொடுத்தார். பண்ணைக்குப் போகிற லைன் தோட்டங்காட்டு வழியாகப் போகும், இரும்பு போஸ்ட்டுகள். மூன்றாவது புகார் வந்து பத்து நாளைக்குள் அந்த வழியில் ஒரு போஸ்ட் சாய்ந்திருந்ததை நிமிர்த்த ஒப்பந்தக்காரர் ஆட்களை அனுப்பினார். அதில் செல்வம் என்பவர் காலை பத்து மணி வாக்கில் ஏணி வைத்து ஏறி, அடுத்த போஸ்ட்டிலிருந்து வந்து போன் ஒயரைத் தாங்கும் தாங்கு கம்பியை அவிழ்த்தார். அவிழ்த்த கம்பி ஒரு கையில், மறு கை போஸ்ட்டில். தூக்கி எறியப்பட்டுக் கீழே பாறைமேல் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. வலது உள்ளங்கை வெந்துவிட்டது.

அக்கா அந்த வழியாக வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து மொபெட்டைப் போட்டுவிட்டு, போன பால் வண்டியை நிறுத்தி, செல்வத்தின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அன்று மத்தியானமே கரண்ட் ஆபீஸ் ஆட்களும் நாங்களும் போய்ப் பார்த்தோம். டெஸ்டர் வைத்தால் போஸ்ட்டில் ஒன்றும் இல்லை. அவிழ்ந்த தாங்கு கம்பியை மறுபடி கட்டிவிட்டோம். கரண்ட் கம்பிகள் எட்டத்தில்தான் போயின. அப்புறம் எப்படி அடித்தது? ஒப்பந்தக்காரர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். செல்வம் குடித்துவிட்டு ஏறியிருக்கிறார், தடுமாறி விழுந்திருக்கிறார், கை வெந்தது கம்பி உரசியதால் இருக்கும். கூட இருந்த இரண்டு ஆட்களும் வாடை அடித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

விசாரணை அதிகாரி சேலத்திலிருந்து வந்தார். எங்கள் எக்ஸ்சேஞ்சிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார். அக்காவைக் கூப்பிட்டார்.

"வண்டியில அவர் தலை உங்க மடியிலதானே இருந்தது?"

"என்ற மடியிலதானுங்க."

"அப்ப வாடை தெரிஞ்சிருக்குமே."

"எனக்கு அன்னைக்கு நாலு நாளாச் சளிங்க சார். காப்பி வாசமே அப்பத் தெரியலை. அடிச்சுதா அடிக்கலையான்னு தெரியாது."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "சளின்னே எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க."

ஒப்பந்தக்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது. முதலில் தூக்கிய ஆளே குடிக்கவில்லை என்று சொல்லவில்லை பாருங்கள் என்று வெளியே புங்கமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் ஊர் முழுக்க செல்வம் குடிகாரர் ஆகிவிட்டார். வேலை நேரத்தில் குடித்து விழுந்தவருக்கு இழப்பீடு கிடையாது.

அதற்கு மறுநாள் காலை செல்வத்தின் மனைவி வந்தாள். முப்பது வயது இருக்கும். கசங்கிய புடவை, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் திணித்த மஞ்சள் பை. என்னிடம் வரவில்லை. நேராக அக்காவிடம் போனாள்.

"அக்கா, மடியில போட்டுத் தூக்கிட்டுப் போனீங்கன்னு சொன்னாங்க. நீங்க எம்பட பொறந்தவ மாதிரி. அவரு அன்னைக்குக் குடிக்கலைன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க சாமி."

"குடிச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா."

"குடிக்கிற ஆளே இல்லீங்கக்கா அவரு."

"இருக்கும். நான் அவரை அன்னைக்குத்தான் முதல்ல பாத்தேன்."

"பொய்யா சொல்லச் சொல்றேன்? நெசத்தைத்தானே சொல்லச் சொல்றேன்!"

"உனக்கு நெசம். எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் அக்காவை வெறித்துப் பார்த்தாள். "உங்க வாயில ஒரு நல்ல சொல்லே வராதுங்களா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா பிரித்துவைத்த கம்பியை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். கை கொஞ்சம் வேகமாகப் போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வார்த்தைதானேக்கா" என்றேன்.

"ஒரு வார்த்தைதானுங்க சார். அந்த ரெண்டு பேரும் ஒரு வார்த்தைதான் எழுதினாங்க."

பிறகு சொன்னார்: "நாளையிலருந்து காலைல வேற புகார் எனக்குப் போடாதீங்க. பண்ணை லைனுக்குப் போறேன். அந்த இரைச்சல் என்னன்னு பாக்கோணும்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அந்த மூன்று புகாரையும் மூடியவன் நான். யாரையும் அனுப்பவில்லை. மூன்று தடவையும் சாப்பிட்டு வந்து, மத்தியானம் இரண்டரை மணி வாக்கில் பண்ணைக்கு போன் செய்தேன். "இப்ப எப்படிங்க கேக்குது?" என்று கேட்டேன். "இப்ப நல்லாத்தான் கேக்குதுங்க. காலைலதான் வண்டு கொடையற மாதிரி" என்று மேனேஜர் சொன்னார். "இப்ப நல்லாருக்குல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் "லைன் சோதிக்கப்பட்டது, சரி" என்று போட்டு மூடினேன். அப்படி நான் மூடிய புகார்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றில் யாரும் விழவில்லை.

அக்கா முதல் நாள் ஏழு மணிக்குப் பண்ணைக்குப் போய் உட்கார்ந்தார். போனைக் காதில் வைத்தார். சுத்தமாக இருந்தது. ஒன்பது மணிக்குத் தோட்டங்காடுகளுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும். வந்ததும் சுற்றுவட்டத்தில் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பிக்கும். அன்று ஒன்பது ஐந்துக்குப் போனில் இரைச்சல் வந்தது. மத்தியானம் த்ரீ பேஸ் நின்றதும் போய்விட்டது. நாங்கள் போஸ்ட்டைச் சோதித்தது த்ரீ பேஸ் இல்லாத நேரத்தில். நேரங்களையெல்லாம் நோட்டில் எழுதினார். இரண்டாம் நாளும் அதையே செய்து, அதையே எழுதினார்.

மூன்றாம் நாள் நானும் போனேன். என்ன கண்டுபிடிக்கப் போகிறார் என்ற பயம்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது. அந்த லைனை ஒட்டி மூன்று தோட்டத்து மோட்டார்கள். முதல் இரண்டு பேரும் கேட்டவுடன் நிறுத்தினார்கள். டெஸ்ட் போனில் இரைச்சல் குறையவில்லை. மூன்றாம் தோட்டக்காரர் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்கம்மா, எம்பட மோட்டாரு ஓடறதுக்கும் பண்ணை போனுக்கும் என்னுங்க சம்பந்தம்? த்ரீ பேஸே கொஞ்ச நேரந்தான் குடுக்கறான். அதுலயும் நிறுத்தச் சொன்னா?"

"நிறுத்தச் சொல்லலீங்க. நீங்க எப்ப நிறுத்துவீங்களோ அப்ப நிறுத்துங்க. நான் இங்கதான் நிப்பேன்."

வரப்பு ஓரத்துப் போஸ்ட்டில் டெஸ்ட் போனைக் கவ்வவிட்டு, காதில் வைத்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்தால் தொட்டியில் தண்ணீர் கொட்டும் குழாய் தெரியும். வெயில் ஏறியது. நான் வேப்பமரத்து நிழலுக்குப் போய்விட்டேன். பதினொன்றரைக்குத் தோட்டக்காரர் தானாகவே போய் மோட்டாரை நிறுத்தினார். குழாயில் தண்ணீர் மெலிந்து நின்றது. அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு டெஸ்ட் போனை என் காதில் வைத்தார். ஒன்றுமே இல்லை. ஊருணித் தண்ணீர் மாதிரி அமைதி.

"பாத்தாச்சுல்ல, வாங்க" என்றேன்.

"ஒரு தடவைதானுங்க சார் பாத்திருக்கு."

நாலாம் நாளும் அப்படியே ஆன பிறகுதான் மோட்டார் சுவிட்சிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டு போனார். ஒயர் கிளுவை வேலிக்குள் நுழைந்து, கோவைக்கொடி மூடிய ஒரு போஸ்ட்டில் ஏறி, வண்டித்தடத்தைத் தாண்டி அவருடைய அடுத்த துண்டு நிலத்துக் கிணற்றுக்குப் போனது. செல்வம் ஏறிய அதே போஸ்ட். கட்டுக்கம்பி இறுக்கிய இடத்தில் ஒயரின் தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. அக்கா மோட்டாரை மறுபடி போடச் சொல்லிவிட்டு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டார். தாங்கு கம்பி அடுத்த போஸ்ட்டோடு சேர்ந்திருக்கையில் டெஸ்டரை வைத்தார். மங்கலாக எரிந்தது. கம்பியை அவிழ்த்துவிட்டு வைத்தார். பளிச்சென்று எரிந்தது. மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்து, இரண்டையும் நோட்டில் எழுதினார்.

கரண்ட் ஆபீஸ்காரர் வந்து பார்த்து மீதியைச் சொன்னார். இந்தப் போஸ்ட் பாறையில் நிற்கிறது. அடுத்தது வாய்க்கால் ஈரத்தில் நிற்கிறது. கம்பி சேர்ந்திருந்த வரைக்கும் கசிந்த கரண்ட் அது வழியாக ஈரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் போனில் கேட்ட இரைச்சல். அவிழ்த்த நிமிடத்தில் செல்வத்தின் உடம்பு வழியாக இறங்கிவிட்டது. தோட்டக்காரர் தலையில் கை வைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "போன் போஸ்ட்டுதானே, கரண்ட்டே இல்லாத போஸ்ட்டுன்னுதானுங்க கட்டினேன்" என்றார் திரும்பத் திரும்ப.

மறுபடி விசாரணை வைத்தார்கள். அதற்கு முதல்நாள் சாயங்காலம், அக்கா கூடையை மொபெட்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது, நான் வெளியே வந்து கேட்டேன்: "பழைய புகாரைப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அந்தப் புகாருக்கு நான் போகலீங்களே சார்."

"என்னைப் பத்திக் கேட்டா?"

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

வீட்டுக்குப் போகும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. கம்ப்யூட்டரில் சோதிக்கப்பட்டது, சரி என்றுதான் இருக்கிறது. மத்தியானம் சோதித்தால் யாருக்கும் சரியாகத்தான் இருந்திருக்கும். என் ஆள் போய்ப் பார்த்தான் என்று சொன்னால் மறுக்க ஒருவரும் இல்லை. சாப்பிட்டேன். தூங்கினேன்.

மறுநாள் அதே மேஜை. அக்கா நோட்டைப் பார்த்து வாசித்தார். ஒன்பது ஐந்து, இரைச்சல் உண்டு. பதினொன்று முப்பது, தண்ணீர் நின்றது, இரைச்சல் இல்லை. கம்பி கட்டியிருந்தால் டெஸ்டர் மங்கல். அவிழ்த்தால் பளிச். குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. எது யாருக்கு நல்லது எது யாருக்குக் கெட்டது என்ற நினைப்பே இல்லாமல் பத்து நிமிடம் வாசித்தார். அதிகாரி இந்தமுறை சிரிக்கவில்லை.

"முன்னாடியே மூணு புகார் வந்திருக்கே. யார் போய்ப் பார்த்தது?"

"பாக்கலீங்க. தெரியாது" என்றார் அக்கா.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். சொல்ல வேண்டியது வாயில் தயாராக இருந்தது. பத்து நிமிடம் அந்த வாசிப்பைக் கேட்டதனாலோ என்னவோ, அது வெளியே வரவில்லை.

"யாரும் போகலை சார். நான் மத்தியானம் போன் பண்ணிக் கேட்டுட்டு மூடினேன். மூணு தடவையும்."

அக்கா நோட்டை மூடிக் கூடையில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. பாராட்டும் இல்லை, பரிதாபமும் இல்லை.

எனக்கு இரண்டு வருட இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். ஒப்பந்தக்காரரின் இரண்டு ஆட்களும் தங்கள் எழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். செல்வத்துக்கு இழப்பீடு கிடைத்தது. அந்தத் தோட்டக்காரருக்கு வழக்கு வந்தது, அது தனிக்கதை.

இரண்டு மாதம் கழித்துச் செல்வத்தின் மனைவி மறுபடி எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். "நீங்க மட்டும் அன்னைக்கு ஒத்துக்கலைன்னா எங்க பொழப்பு போயிருக்குங்க சார். உங்க குடும்பம் நல்லா இருக்கோணும்" என்று கும்பிட்டாள். அக்கா நாலடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய போனைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னைக் கும்பிடாதம்மா. நான்தான் தப்புப் பண்ணினவன். கண்டுபிடிச்சது அக்கா. நாலு நாள் வெயில்ல நின்னாங்க" என்றேன்.

"தெரியுங்க சார். சொன்னாங்க." பிறகு, அக்காவைப் பார்க்காமலே சொன்னாள்: "அவங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரு ஆஸ்பத்திரியில குடிகாரன்னு பேரு வாங்கிட்டுப் படுத்திருக்க மாட்டாருங்க. நர்சம்மாகூட ஒரு மாதிரி பேசுச்சு. எங்க மாமியா, பெத்த மகனைப் பாக்க மூணு வாரம் வரலை."

அவள் சொன்னதில் பிழை இல்லை. அக்கா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஆமாம்மா. என்னால உனக்கு அந்தச் சங்கடம் ஆச்சு" என்றார்.

அந்தப் பெண் இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"இப்ப நடக்கறாரா?" என்று அக்கா கேட்டார்.

"ஊட்டுக்கு வந்து பாருங்க." வெடுக்கென்றுதான் சொன்னாள்.

அக்கா எழுந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒயர்க் கூடையை மொபெட்டிலிருந்து கழற்றி உள்ளே கொண்டுவந்து வைத்தார். "ஒரு மணி நேரத்துல வாரேனுங்க சார்" என்றார் என்னிடம். அவளிடம், "வண்டியில உக்காரு. பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம்" என்றார்.

அவள் வாசலில் நின்றாள். பஸ் வரும் திசையைப் பார்த்தாள். பிறகு வந்து பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள், பையை மடியில் இறுக்கிக்கொண்டு, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு. அக்கா மிதித்து வண்டியைக் கிளப்பினார். நான் புங்கமரத்தடியில் நின்று பார்த்தேன். அவளுடைய இரண்டு கையும் பையில்தான் இருந்தன. ரேஷன் கடை முக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே மட்டும் ஒரு கையை எடுத்து அக்காவின் தோளைப் பிடித்தாள்.